மழைக்கால எம்சி

பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் பத்துமலைப் பக்கம் வானம் கறுத்துவிடும். மூன்றரைக்குச் சுண்ணாம்புப் பாறையின் உச்சி மறையும். நாலு மணிக்குத் தொழிற்சாலையின் தகரக் கூரைமேல் மழை இறங்கிவிட்டால், தொலைபேசியில் பேசுகிறவரின் குரல் காதில் விழாது. செலாயாங்கில் அக்டோபர், நவம்பர் மாலைகள் பெரும்பாலும் இப்படித்தான். மழை பிடித்துக்கொண்ட இரண்டாவது வாரத்தில் என் மேசை இழுப்பறையில் எம்சிச் சீட்டுகள், அதாவது நோய் விடுப்புக்கான மருத்துவச் சான்றுகள், சேரத் தொடங்கும். பதினெட்டு ஆண்டுகளாக இங்கே ஒரு தொழிற்சாலையின் ஊழியர் பிரிவில் அந்தச் சீட்டுகளைப் பதிவுசெய்துவருகிறேன். மற்ற மாதங்களில் வயிற்றுப்போக்கு, முதுகுவலி, பல் பிடுங்கியது என்று பலவும் கலந்து வரும். நவம்பரில் பெரும்பாலும் காய்ச்சல், இருமல், தொண்டைவலி. நாள்காட்டியைப் பார்க்காமல், அந்தக் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தே மழைக்காலம் எந்த வாரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

மலேசியாவில் குளிர்காலம் கிடையாது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் தமிழில் பெரும்பொழுதுகள் ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். பனிக்காலம் இரண்டும் எங்களுக்கு வாய்க்கவில்லை. மார்கழி விடியலில் வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்தால் கழுத்தில் வியர்வை இருக்கும். கூதிர் மட்டும் கடல் தாண்டி எங்களோடு வந்துவிட்டது. ஐப்பசியும் கார்த்திகையும் அதன் மாதங்கள். நாகப்பட்டினத்தில் அடைமழை பிடிக்கும் அதே நாட்களில் செலாயாங்கின் வடிகால்களும் நிரம்பி வழிகின்றன. அங்கே மழை கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் இங்கே கிளந்தானையும் திரெங்கானுவையும் நனைக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்குக்கு முன்னால் தித்திவாங்சா மலைத்தொடர் நிற்பதால் அதன் நேரடி வீச்சு எங்களுக்குக் குறைவு. அந்தக் காற்று நிலைகொள்வதற்கு முந்தைய வாரங்களில்தான் இங்கே இடியும் மின்னலுமாக மாலை மழை பலக்கிறது. ரஜூலா கப்பலில் வந்திறங்கிய என் தாத்தா, இது தம் ஊர் மழையின் மறுகரை என்று எப்போதாவது நினைத்திருப்பாரா என்று யோசித்துக்கொள்வேன்.

எங்கள் பிழைப்பில் குளிர் என்று ஒன்று உண்டென்றால் அது ஏர்கோனின் குளிர். தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறை 2010இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத்தர நெறிமுறை, மூடிய பணியிடங்களுக்கு 23 முதல் 26 பாகை வரை பொருத்தம் என்கிறது. எங்கள் கூடத்தில் இயந்திரத்துக்குத் தேவை என்று அதற்கும் கீழே வைக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோதெல்லாம் சுவரிலிருந்த வெப்பமானி 19ஐத் தாண்டவில்லை. ராவாங்கிலிருந்தும் கெப்போங்கிலிருந்தும் மோட்டாரில் நனைந்து வருகிறவர்கள், ஈரக் காலுறையோடு எட்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். குளிர் கிருமியைப் பிறப்பிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஜன்னல் இல்லாத கூடத்தில் ஒரே காற்றை அறுபது பேர் மாறிமாறி மூச்சில் இழுப்பதுதான் காரியத்தைச் செய்கிறது. வெளியே மழை என்பதால் சாப்பாட்டு நேரத்திலும் யாரும் வெளியே போவதில்லை. திங்கட்கிழமை ஒருவர் இருமினால் வெள்ளிக்கிழமை அந்த வரிசையே இருமும்.

சென்ற நவம்பரில் அந்த வரிசையிலிருந்து ஓர் அக்கா என் கண்ணாடிச் சாளரத்துக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். சம்பளச் சீட்டில் ஏதோ சந்தேகம். கேட்டு முடிப்பதற்குள் மூன்று முறை குனிந்து இருமினார்.

"என்னக்கா இப்படி இருமுறீங்க, கிளினிக் போகலையா?"

"போனா எம்சி குடுத்துடுவாரும்மா."

"குடுக்கட்டுமே."

"அலவன்ஸ் போயிடும்லா. ஒருநாள் எடுத்தாலும் நூத்தம்பது போச்சு. பனடால் போட்டிருக்கேன். வெள்ளிக்கெழமை வரைக்கும் தாங்கும்."

அவர் சொன்னது முழு வருகைக்கான அலவன்ஸை. மாதம் முழுக்க ஒருநாளும் தவறாமல் வந்தவர்களுக்கு 150 ரிங்கிட். எம்சி எடுத்தால் அடிப்படைச் சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்க முடியாது, சட்டம் அப்படி. அலவன்ஸ் வேறு கணக்கு. பல தொழிற்சாலைகளில் இந்த வழக்கம் உண்டு. எங்கள் இடத்திலும் உண்டு. அந்தத் தொகையை மாதாமாதம் கணினியில் ஏற்றுகிறவள் நான்தான். எத்தனை பேருடைய காய்ச்சல் அந்த 150 ரிங்கிட்டுக்குள் மறைந்திருக்கிறது என்பதை அந்தத் திரை காட்டாது. அக்காவின் இருமலைக் கேட்டபிறகு அந்தப் பட்டியலை முன்புபோல் என்னால் பார்க்க முடியவில்லை. யாருக்கெல்லாம் 150 என்று ஓடுகிறதோ அவர்களில் யார் யார் நோயோடு வந்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

சட்டம் என்ன தருகிறது என்பதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60எஃப் பிரிவு. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 18. ஐந்து நிறைந்தால் 22. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2022இல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து அந்த 60ஐத் தனியாக்கினார்கள். அதுவரை சாதாரண எம்சி நாட்களையும் அதற்குள்ளேயே கழித்துக் கணக்கிட்டார்கள். மாதம் பத்து நாள் தடுமாறுகிற ஒரு சிறுநீரக நோயாளிக்கு அந்தத் திருத்தம் என்ன தந்தது என்பதை அந்த ஆண்டு நேரில் பார்த்தேன். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தெரிவிக்காவிட்டால் கையில் சீட்டு இருந்தாலும் சொல்லாமல் நின்றதாகவே ஆகும். வாட்சப்பில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். இந்த ஒரு வரி தெரியாமல் சம்பளம் இழந்தவர்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இருக்கிறார்கள். மூன்றாம் நாள் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பவரிடம் என்ன சொல்வது?

ஆனால் அக்காவுக்குச் சட்டம் தெரியும். தெரிந்தும் கிளினிக்குக்குப் போகவில்லை. அந்தத் தயக்கம் 150 ரிங்கிட்டோடு முடிகிற ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை. அதன் வேர் எங்கே என்று தேடிப்போனால் என் வீட்டுக்கே வந்து சேர்கிறேன்.

அம்மா பால்மரம் வெட்டியவர். இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டம். விடியற்காலை நாலரைக்கு எழுந்ததும் அவர் செய்த முதல் வேலை லயத்து வீட்டின் கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பது. மழை பெய்துகொண்டிருந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டின் வழியே இறங்கி மங்குக்குள் விழாது. ஈரத்தோடு சேர்ந்து மரம் முழுக்கப் பரவி வழிந்து வீணாகும். வெட்டி முடித்த பிறகு மழை வந்தால் இன்னும் கொடுமை. மங்கில் சேர்ந்த பாலில் தண்ணீர் விழுந்து, நிரம்பி, தரையில் வெள்ளையாய் ஓடும். விடியற்காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்ததெல்லாம் வேரடியில் போகும். வேலை இல்லாத நாளுக்கு அம்மாவுக்குக் கூலி இல்லை. மழைக்காலத்தில் கடைக்கணக்கு ஏறிக்கொண்டே போகும். மற்றவர்களுக்கு மழைக்காலம் என்றால் சளி, காய்ச்சல் என்று ஞாபகம் வரும். அம்மாவுக்கு ஞாபகம் வருவது கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டும் சத்தம். அதனால் மழை விட்ட நாளில் உடம்பு எப்படி இருந்தாலும் வேலைக்காட்டுக்குப் போயாக வேண்டும். மழையே நாட்களைத் தின்றுவிட்ட மாதத்தில் காய்ச்சலுக்கு ஒரு நாளை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

தோட்டத்தில் மருத்துவ வசதி இல்லாமல் இல்லை. டிரசர் இருந்தார். தோட்ட மருத்துவ உதவியாளர் என்பது அவருடைய சட்டப்பெயர். அவர்களைப் பதிவுசெய்வதற்கென்று 1965இல் ஒரு சட்டமே வந்தது. விடிவதற்கு முன்னால் சீக்காளிகள் அவர் முன் வரிசையாக நிற்பார்கள். நாக்கை நீட்டச் சொல்வார், வெப்பமானியை வாயில் வைப்பார். காய்ச்சல் அவர் மனத்தில் வைத்திருந்த அளவைத் தொட்டால் அன்றைக்கு ஓய்வு. தொடாவிட்டால் வெள்ளைத் தண்ணி மருந்து ஒரு மடக்கு, அப்புறம் வேலைக்காடு. "நடிக்கிறியா?" என்ற கேள்வியை அம்மா ஒருமுறை அவரிடமிருந்து கேட்டிருக்கிறார். அப்போது என் அண்ணன் வயிற்றில் நாலு மாதம். அதன்பிறகு அந்த வரிசையில் அவர் நின்றதே இல்லை. நடு ராத்திரியில் குழந்தைக்கு இழுப்பு என்று கூப்பிட்டால், மழையில் டார்ச் விளக்கோடு ஓடிவந்தவரும் அதே டிரசர்தான் என்று அம்மாவே சொல்வார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். உதவியும் சந்தேகமும் ஒரே கையிலிருந்து வந்தால், அந்தக் கையிடம் எப்போது போகலாம், எப்போது போகக்கூடாது என்று உடம்பு தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும்.

அந்தத் தோட்ட வைத்தியத்தின் கதையில் கிள்ளானுக்கும் ஓர் இடம் உண்டு. 1901இல் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் அரசாங்க டாக்டராகக் கிள்ளானுக்கு வந்தார். கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்து நாலு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதே 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள், இன்றைய போர்ட் கிள்ளான். திறந்த சில மாதங்களுக்குள் வேலையாட்கள் கூட்டம்கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்து துறைமுகமே நின்றுபோகும் நிலை வந்தது. வாட்சன் சதுப்பை வடித்தார், கால்வாய் வெட்ட வைத்தார், குடியிருப்பைச் சுற்றிய காட்டை அகற்ற வைத்தார். காய்ச்சல் இறங்கியது. பின்னர் ரப்பர் தோட்டங்களுக்கும் அந்த வேலை போனது. அவருடைய அக்கறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர் வெட்ட வைத்த கால்வாய்களால் உயிரோடு இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். ஆனால் தோட்ட நிர்வாகங்கள் அதற்குக் காசு செலவழிக்க ஒப்புக்கொண்டதற்கு, காய்ச்சலில் விழுந்த கூலியால் மரம் வெட்ட முடியாது என்ற கணக்கும் ஒரு காரணம். தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளிக்குக் கிடைத்த மருத்துவ வசதி அவனை மீண்டும் வேலைக்கு நிறுத்துவதற்காகவும் வந்தது. அந்த நினைவு நாலு தலைமுறை கடந்தும் எங்களுக்குள் இருக்கிறது. நோய் விடுப்பை எங்கள் சொத்தாக நினைக்க எங்களால் முடிவதில்லை. யாரோ இரக்கப்பட்டுத் தருவதாக, கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்று அஞ்ச வேண்டிய ஒன்றாக அதைப் பார்க்கிறோம். "இருபது வருஷம், ஒரு எம்சி எடுத்ததில்ல" என்று பணி ஓய்வு விருந்தில் ஒருவரைப் புகழ்ந்தால் கைதட்டுகிறோம். நானும் தட்டியிருக்கிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் வருகிற எம்சிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சில வரத்தான் செய்கின்றன. சூப்பர்வைசர்கள் அதையே ஆண்டு முழுக்கச் சொல்லிக்காட்டுகிறார்கள். பதினெட்டு ஆண்டு சீட்டுகளைப் பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது இது: எடுக்கக்கூடாத நாளில் எடுத்தவர்களைவிட, எடுக்க வேண்டிய நாளில் எடுக்காதவர்கள் எங்கள் கூடத்தில் மிக அதிகம்.

என் சித்தப்பா எடுக்காதவர்களில் ஒருவர். கெப்போங்கில் இரவுக் காவலாளி வேலை. 2013இல் பெர்கேசோ, நாங்கள் சொக்சோ என்று சொல்லிப் பழகிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம், நாற்பது வயதைத் தாண்டிய சந்தாதாரர்களுக்கு இலவச உடல் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். கடிதம் வீட்டுக்கே வந்தது. சித்தப்பா அதை மின்கட்டண பில்லோடு சேர்த்துச் சாமி மேடைக்குக் கீழே வைத்தார். "பார்த்தா ஏதாச்சும் ஒண்ணு சொல்வாங்க" என்பது அவர் பதில். இரண்டு மழைக்காலம் கழிந்தது. தண்ணீர் புகுந்த பூட்ஸோடு இரவு முழுக்க நடந்ததில் கால் விரலிடையில் புண் வந்தது. அவருக்கு வலிக்கவில்லை. சர்க்கரை நரம்பை மழுக்கிவிட்டிருந்தது என்பதைச் செலாயாங் மருத்துவமனையில்தான் சொன்னார்கள். இரண்டு விரல் போயிற்று. 1999இல் திறந்தபோது காகிதமே இல்லாமல், எல்லாவற்றையும் கணினியில் நடத்துகிற மருத்துவமனை என்று நாடே பேசிய இடம் அது. அங்கே வார்டில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் சாமி மேடைக்குக் கீழே கிடந்த அந்த ஒரு காகிதத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தது. இந்தியர்களைத் தனியாகப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். மழைக்காலக் காய்ச்சலை இந்த எண்ணோடு சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும். சர்க்கரை உள்ள உடம்பில் ஃபுளூ காய்ச்சல் எளிதில் நுரையீரலுக்கு இறங்கும். காய்ச்சல் வந்தால் சர்க்கரையும் ஏறும். "சாதாரண சளிதான்" என்று நாங்கள் பேசுவதெல்லாம் தமக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாத பலரை வைத்துக்கொண்டு பேசுவது. அதனால்தான் அந்தப் பரிசோதனைக் கடிதத்தை மழைக்காலத்துக்கு முன்பே கையில் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகச் சொல்கிறேன். அது யாரும் போட்ட பிச்சை இல்லை. சம்பளச் சீட்டில் சொக்சோ என்று ஒரு வரி இருக்கும். அதில் தொழிலாளியின் பங்கு ஏறக்குறைய அரை விழுக்காடு, முதலாளியின் பங்கு ஒன்றே முக்கால். 1971இலிருந்து மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும் காசு. சித்தப்பாவின் விரலுக்கான பரிசோதனைக்கு அவரே பல ஆண்டுகளாகப் பணம் கட்டியிருந்தார்.

ஃபுளூ ஊசி பற்றி ஒரு விஷயம். இங்கே ஆண்டு முழுக்கவும் அந்தக் கிருமி திரியும், சில மாதங்களில் தலைதூக்கும். ஆண்டுதோறும் உரு மாறுவதால் சென்ற ஆண்டு ஊசி இந்த ஆண்டுக்கு முழுக்கப் போதாது. போட்டபிறகு உடம்பில் காப்பு உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். ஆகையால் அடைமழை தொடங்கிய பிறகு ஓடுவது தாமதம். எங்கள் தொழிற்சாலை சில ஆண்டுகளாக இலவசமாகப் போடுகிறது. முதல் ஆண்டு வேலை முடிந்த பிறகு போட ஏற்பாடு செய்தோம். ஆறு மணிக்கு, மழையில், பேருந்து காத்திருக்க, யார் நிற்பார்கள்? பாதி ஊசி மிஞ்சியது. அடுத்த ஆண்டு வேலை நேரத்துக்குள்ளேயே, வரிசை வரிசையாகக் கூப்பிட்டுப் போடச் சொல்லிக் கெஞ்சி அனுமதி வாங்கினேன். அந்த அக்காவும் வந்தார். "ஊசி போட்டா காய்ச்சல் வரும்னு சொல்றாங்களேம்மா, வந்தா எம்சி எடுக்கணுமே" என்று கேட்டார். கை வலிக்கும், ஒருநாள் உடம்பு லேசாகச் சூடாகலாம், அவ்வளவுதான் என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

மழைக்காலக் காய்ச்சல் எல்லாமே ஃபுளூ இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் தவறு. நாட்டிலேயே அதிக டெங்கி நோயாளிகள் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். 2019இல் நாடு முழுவதும் 130,000 பேருக்கும் மேல் டெங்கி கண்டது. டெங்கியில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் ஒருநாள் காய்ச்சல் இறங்கும். நல்லாயிட்டேன் என்று வேலைக்குத் திரும்புகிற நாளும் அதுதான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடம்பு சரியக்கூடிய நாளும் அதுவேதான். இரண்டு நாள் எம்சி முடிந்துவிட்டது என்பதற்காக நோய் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கம்பெனி ஏற்பாடு செய்திருக்கும் பேனல் கிளினிக்குக்கு இரண்டாம் முறை போகலாம், இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். "திரும்பத் திரும்பப் போனா கம்பெனி என்ன நினைக்கும்" என்று ஓர் இளைஞன் கேட்டான். அவனை என் கண் முன்னால் கிளினிக்குக்குப் போன் போட வைத்தேன். வலிக்கு என்று கடையில் கிடைக்கும் மாத்திரைகளில் சில டெங்கியில் இரத்தக் கசிவைக் கூட்டும். பாராசித்தமோல் தவிர வேறெதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழை தொடங்கியதும் இரண்டாம் வட்டச் சாலையின் மேம்பாலங்களுக்கு அடியில் மோட்டார்கள் கும்பலாய் ஒதுங்கும். அப்படி ஒதுங்க நேரமில்லாமல் பஞ்ச் கார்டுக்கு ஓடுகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகிற வழியில் நேரும் விபத்தும் சொக்சோவின் பாதுகாப்புக்குள் வரும். சிராய்ப்புதானே என்று எழுந்து போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து முட்டி வீங்கும்போது போலீஸ் புகாரும் இருக்காது, கிளினிக் சீட்டும் இருக்காது.

இவ்வளவும் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு. எங்கள் கழிவறைகளைக் கழுவுகிற ஓர் அம்மா இருக்கிறார். ஒன்பது ஆண்டாக அதே மாடி, அதே குழாய், அதே வாளி. இந்த ஒன்பது ஆண்டில் துப்புரவுக் குத்தகை நாலு கம்பெனிக்கு மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புதிய நிறத்தில் சட்டை வாங்கிக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும் புது வேலையாளாகவே அவரைப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். நோய் விடுப்பைச் சட்டம் எண்ணுவது ஒரே முதலாளியிடம் கழித்த ஆண்டுகளை வைத்து. ஆகவே 22 நாளுக்கு எப்போதோ உரிமை பெற்றிருக்க வேண்டியவருக்கு இன்றும் 14தான். மழையில் நனைந்த காலடித் தடங்களைத் துடைத்துத் துடைத்து எங்களை வழுக்காமல் காக்கிறவர் அவர். இந்த அநியாயத்தை எப்படிச் சரிக்கட்டுவது என்று யோசித்து நான் தூங்காமல் கிடந்த இரவுகள் உண்டு. சேவைக்காலத்தை ஆளோடு சேர்த்து அடுத்த குத்தகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி எழுதினால் போதும். அதை எழுதும்வரை அவரைப் போன்றவர்கள் தினமும் முதல் பக்கத்திலேயே நிற்பார்கள்.

வேலையிடத்துக்கு வெளியே இருப்பவர்கள் இன்னும் தள்ளி நிற்கிறார்கள். 2017இல் சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களில் தொடங்கி உணவு கொண்டுபோகிற பையன்கள் வரை பின்னர் விரிந்தது. ஆனால் அது விபத்துக்குக் காப்பு. காய்ச்சலுக்குப் படுத்தால் அன்றைய வருமானம் பூஜ்யம். மழை கொட்டும்போதுதான் ஆர்டர் கூடும் என்று எங்கள் அடுக்குமாடிப் பையன் ஒருவன் சொல்கிறான். அம்மாவின் தோட்டத்துக்கு நேர் எதிர்க்கணக்கு, உடம்புக்கு மட்டும் அதே கணக்கு. செலாயாங் மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குகிற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2019 ஜனவரியில்தான் சொக்சோவின் கதவு திறந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா பரவியபோது, அந்தச் சந்தையைச் சுற்றி முள்கம்பி போட்டு அடைத்த நாட்களை நாங்கள் மறக்கவில்லை. கடை வீடுகளின் மேல்மாடிகளில் பாய்க்குப் பாய் ஒட்டிப் படுத்திருந்தவர்களுக்குக் காய்ச்சல் என்று சொல்ல வாய் வராததற்கு, அந்த அக்காவின் 150 ரிங்கிட்டைவிடப் பெரிய காரணங்கள் இருந்தன. ஒருவருடைய மறைத்த காய்ச்சல் ஊருடைய காய்ச்சல் ஆகும் என்பதைச் செலாயாங்கைவிட நன்றாக அறிந்த ஊர் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்காது.

இந்த நவம்பர் மூன்றாம் வாரத்தில் எனக்கே காய்ச்சல் கண்டது. முதல்நாள் மாலை மேசையில் உட்கார்ந்தபடியே நடுங்கினேன். ஒரு சோதனையாக, என் பெயரையே கணினியில் தட்டிப் பார்த்தேன். கடைசியாக எம்சி எடுத்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது. இந்த ஏழு ஆண்டில் எனக்கு நோயே வரவில்லையா என்ன? தொண்டை கட்டிய குரலோடு பிறருக்கு விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஊசி வாங்கித் தந்தவள், கடிதத்தைத் திறக்கச் சொன்னவள், நானும் அந்த 150ஐ மாதாமாதம் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு அம்மா எழுந்த சத்தம் கேட்டது. தோட்டத்தை விட்டு முப்பது ஆண்டாகியும் அந்த நேரத்துக்கு எழுகிறார். ஐந்தாம் மாடி ஜன்னலைத் திறந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தார். அப்புறம் ஈரக் கையோடு வந்து என் நெற்றியைத் தொட்டார்.

"மழை பெய்யுது. இன்னிக்கு வெட்டு இல்ல. படு."

எட்டரை மணிக்குப் பேனல் கிளினிக்கின் கதவு திறந்தது. அம்மாவும் குடையோடு வந்திருந்தார். டாக்டர் மூன்று நாள் எழுதினார். சீட்டைப் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பிவிட்டு, மருந்துக்காகக் காத்திருந்தோம். அம்மா சீட்டை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மூணு நாளும் சம்பளம் பிடிப்பாங்களா?"

"இல்லம்மா, சம்பளம் வந்துரும்."

அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தார். ஜாலான் ஈப்போவில் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு தண்ணீரைக் கிழித்துப் போய்க்கொண்டிருந்தன.

"மழை நாளுக்குமா?"